பதின்மூன்று கிளிப்புகள் ஏறிய படகு

1

படகு கவிழ்ந்த கதையை நானே எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஃபோனில் அரையும் குறையுமாகச் சொல்லி, அது செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏதோ கப்பலே மூழ்கிய மாதிரி ஆகிவிடும். அவர் வாய் அப்படி.

இந்த வாரத்தோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து நான்கு வருடம் முடிகிறது. சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரை, கம்பெனி இங்கே வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. நானும் ஆறு வயது நிவியும் பின்னாலேயே பெட்டி கட்டினோம். செங்கல்பட்டில் பதினோரு வருடம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே முதலில் கிடைத்த வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குத் தயிர் டப்பா மூடியைப் பிரித்துக் கொடுப்பது. அப்புறம் வகுப்பில் உதவியாளர். போன ஈஸ்டருக்குத்தான் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஆனேன். ஒரு வருடம் பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள்.

அந்த நிரந்தரத்துக்காகத்தான் ஊர்ப் பயணத்தையே நிறுத்தி வைத்திருந்தேன். நான்கு வருடமாக ஊருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் விசா, நிவியின் பள்ளி, குளிர்காலக் காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் சும்மா. நிஜக் காரணம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது அப்பா சொன்ன ஒரு வார்த்தை.

நல்ல வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று அவருக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச இருந்தது நான் மட்டும்தான், அதையும் நிறுத்திக்கொண்டார். கடைசி நிமிடத்தில் என் கையைப் பிடித்து, "போறது போற, ஜெயிச்சிக்கினு வா பாப்பா" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தயிர் டப்பா மூடி பிரிப்பதை ஜெயிப்பு என்று எப்படிச் சொல்வது? அதனால் நிரந்தரம் ஆகட்டும், அந்தக் கோடையில் வருகிறேன் என்று எனக்கு நானே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா அதையேதான் கேட்பார். "பர்மனெண்ட் ஆய்டுச்சா?" என்பார். "ஈஸ்டருக்கு ஆய்டும்பா. ஜூலைல வந்துடுவோம்" என்பேன். அவர் மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டார். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுவிட்டார். பேத்தியை முட்டுக்காட்டுக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றவேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

2

எங்கள் பள்ளி ஒரு பழைய தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் ஜெபம், சாப்பாட்டுக்கு முன் ஜெபம், வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் பாட்டு. நெற்றியில் சின்னப் பொட்டோடு நான் எல்லா ஜெபத்தையும் மனப்பாடமாகச் சொன்னதைக் கேட்டு, தலைமை ஆசிரியை ஹெலனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. செங்கல்பட்டில் முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில்தானே படித்தோம்? அதை அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

அவரை எல்லாரும் ஹெலன் என்றுதான் கூப்பிடவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. "மேடம்" என்று வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பிப் பார்த்து, அறையில் வேறு யாரோ இருக்கிறார்களா என்று தேடுவார்.

என் பெயர் கதை அதைவிட வேடிக்கை. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான் இருக்கிறது, நம்மூரில் நிறையப் பெண்களுக்கு இருக்கிற மாதிரி. இங்கே அதுதான் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். கணவர் பெயர் வேறு, மகள் பெயருக்குப் பின்னால் இருப்பது வேறு. மூன்று பேரும் ஒரே குடும்பம்தானா என்று நிரூபிக்க எத்தனை கடிதம் எழுதினோம் என்று கேட்காதீர்கள். ஆனால் அதில் ஒரு லாபம். பள்ளியில் நான் மிசஸ் ஏழுமலை. இருபத்து நான்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாள் பூராவும், "மிசஸ் எலுமாலை, பென்சில் உடைஞ்சிடுச்சு", "மிசஸ் எலுமாலை, அவன் என்னைத் தள்ளுறான்" என்று என் அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது ஃபோனில் ஒரே சிரிப்பு. "அடப்பாவமே! அஞ்சாவதுல ஃபெயிலானவன் பேரு அங்க பாடம் நடத்திக்கினு கீதுன்றியா?" என்றார். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு விளையாட்டு மைதானத்தில் நின்றுகொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை அந்தப் பெயரைக் கத்தும். நிஜமாகவே அழுகை வரும். குளிரில் கண் கலங்குகிறது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

நிவிக்கு இந்த அவஸ்தை எதுவும் கிடையாது. எங்கள் பள்ளியிலேயே ஒரு வகுப்பு மேலே, ஐந்தாவது படிக்கிறாள். பள்ளி வராண்டாவில் எதிரே வந்தால் என்னை மிஸ் என்பாள், அம்மா என்று மறந்தும் சொல்லமாட்டாள். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தாத்தா வீடியோவில் வந்தால் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். "பாப்பாவோட பாப்பா எங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளுக்குத் தாத்தா என்பது ஒரு சின்ன சதுரத்தில் தெரியும் மீசை.

3

வகுப்புப் பாடங்களோடு எனக்குத் தனியாகக் கொடுத்த பொறுப்பு, டிசைன் அண்ட் டெக்னாலஜி. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஒரு பொருளை யோசித்து, வரைந்து, வெட்டி ஒட்டிச் செய்து, சோதித்துப் பார்த்து, கடைசியில் எது சரியாக வந்தது எது வரவில்லை என்று எழுதவேண்டும். நம்மூர் கிராஃப்ட் பீரியடு மாதிரி என்று நினைத்துத்தான் நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முன்னால் படகு செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் படகில் போகும்போது புயல் அடிக்கிற கதை இருக்கிறதே, அதை வைத்து. துணி காயப்போடும் மரக் கிளிப்புகள் பதின்மூன்று, அவர்கள்தான் பயணிகள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். இடது பக்கம் ஒரு மேசை விசிறி, இரண்டாம் எண்ணில் வைத்தால் புயல். பதின்மூன்று கிளிப்பும் விழாமல் எந்தப் படகு மிதக்கிறதோ அது தேறியது. வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் பெற்றோர் முன்னால் காட்டவேண்டும்.

ஹெலனுக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்கள் நிரந்தரக் கோப்பில் இதையே வைக்கலாம். பிள்ளைகள் எழுதும் தாள்களையும் சேர்த்துக் கொடுங்கள். தேவாலயத்தில் காட்டி முடித்த அடுத்த வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார். நான் அன்று வீட்டுக்கு நடந்துபோன நடை எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் படிவங்கள். சூடான பசைத் துப்பாக்கிக்கு ஒரு படிவம், கத்தரிக்கோலுக்கு ஒன்று. தொட்டித் தண்ணீரில் யாராவது மூழ்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒன்று. தண்ணீர் முழங்கை ஆழம்கூடக் கிடையாது. பள்ளியிலிருந்து தேவாலயத்துக்கு இருநூறு அடி நடப்பதற்குத் தனிப் படிவம், ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர். செங்கல்பட்டில் அறுபது பிள்ளைகளை நான் ஒருத்தியாகப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியிருக்கிறேன். ஒரு படிவம் கிடையாது, ஒரு பிள்ளை தொலைந்ததும் கிடையாது. வழியில் கொய்யாப்பழம் வேறு வாங்கித் தின்றுகொண்டு வந்தோம்.

பிள்ளைகள் இரண்டு வாரம் படகு கட்டினார்கள். பால் பாட்டில், அட்டை, தக்கை, ஸ்ட்ரா. என்ன கோணல், என்ன மாணல்! பாய்மரம் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. பசை சொட்டிச் சொட்டிக் காய்ந்திருக்கிறது. ரோஸி என்று ஒரு பெண், தடித்த கண்ணாடி, பேச்சு ரொம்பக் குறைவு. அவள் மூன்று நாள் தொட்டிப் பக்கத்திலேயே நின்றாள். அவள் படகு தண்ணீரில் விட்டால் இடது பக்கமாக ஒரே சாய்ப்பு. அடியில் ஒரு பக்கமாகக் களிமண் உருண்டையை அப்பி வைத்திருந்தாள். அவளுடைய வரைபடத் தாளில் நான் ஏற்கெனவே ஒரு டிக் போட்டு, நட்சத்திரம் ஒட்டியாகிவிட்டது. டிக் போட்டேனே தவிரப் படிக்கவில்லை.

4

வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு இருபத்து நான்கு படகுகளையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாளைக்குப் பெற்றோர் வருவார்கள், தேவாலயத்தை நடத்தும் போதகர் அம்மா வருவார், ஹெலன் வருவார். இவ்வளவுதானா சொல்லிக்கொடுத்தாள் என்று நினைக்கமாட்டார்களா?

நம்மூர் டீச்சர் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பாரோ அதைத்தான் செய்தேன். கதவைச் சாத்தினேன். பசைத் துப்பாக்கியைச் சூடேற்றினேன். சாய்ந்த பாய்மரங்களை நிமிர்த்தினேன். பிசிறுகளை வெட்டினேன். ஓரம் முழுக்க வண்ணக் காகிதம் சுற்றினேன். ரோஸியின் படகு அடியில் இருந்த களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நேராக, அழகாக நின்றது. பாவம் குழந்தை, இது தெரியாமல் மூன்று நாள் கஷ்டப்பட்டிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு செய்கிறோம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் செங்கல்பட்டில் நாங்கள் எல்லா டீச்சரும் உட்கார்ந்து இதைத்தான் செய்வோம். பிள்ளை கொண்டுவந்த எரிமலைக்குப் புதுச் சாயம் அடிப்போம், சார்ட்டில் தலைப்பை அழித்து அழகாக எழுதுவோம். பாதி வேலையை வீட்டிலேயே அப்பன்மார்கள் செய்து அனுப்பியிருப்பார்கள். என் அப்பாவும் செய்தவர்தான்.

நான் நாலாவது படிக்கும்போது பள்ளியில் போக்குவரத்துக் கண்காட்சி. அப்பா மின்சார லைன்மேன். அப்போது மாமல்லபுரம் பக்கம் வேலை. உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும், அதனால் அந்தக் கரையில் அவருக்கு ஓயாத வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். அவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நான் மணலில் இழுத்துப் போட்டிருந்த மீன்படகுகளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்கு வந்து தென்னம்பாளையில் ஒரு படகு செய்தேன். விளக்குமாற்றுக் குச்சியில் பாய்மரம், அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் பாய். மீன்படகுகள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன இல்லையா, அதே மாதிரி என் படகும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தேன்.

"இது இன்னா, கோணலா கீது?" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். காலையில் எழுந்து பார்த்தால் மேசைமேல் வெள்ளைவெளேர் என்று தெர்மாகோல் கப்பல். பழைய டேப் ரிக்கார்டர் மோட்டார், பேட்டரி, பின்னால் சுற்றுகிற விசிறி. முதல் பரிசு எனக்குத்தான், எவர்சில்வர் டிபன் பாக்ஸ். "யார் செய்தது?" என்று மேடையில் சிஸ்டர் கேட்டார்கள். "நானே செஞ்சேன் சிஸ்டர்" என்றேன். கூட்டத்தில் அப்பா காக்கிச் சட்டையோடு நின்று கைதட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. என் தென்னம்பாளைப் படகு மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்து பிளந்துபோயிற்று. அதற்காக அழுதேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

5

வெள்ளிக்கிழமை தேவாலயம் நிரம்பி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் படகைத் தொட்டியில் வைக்க, கிளிப்புகளை ஏற்ற, நான் விசிறியைப் போட, படகு ஆட, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள, அப்புறம் கைதட்டல். "இந்த வருடம் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்!" என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஹெலன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜூலை மாதம் என் கையில் இருந்தது.

ரோஸி முறை வந்தது. படகை வைத்தாள். அது நேராக நின்றது. அவள் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். நான் விசிறியைப் போட்டேன். இரண்டே ஆட்டம்தான், படகு வலது பக்கமாக அப்படியே குப்புற விழுந்தது. பதின்மூன்று பேரும் தண்ணீரில். தண்ணீர் தெறித்துப் போதகர் அம்மாவின் செருப்பு நனைந்ததில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள்.

ரோஸி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் திருப்பி, அடியில் விரலை வைத்துத் தடவினாள். களிமண் இருந்த இடத்தைத் தடவினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவசரமாக, "பரவாயில்லை, தண்ணீர் ஆடிவிட்டது" என்றேன். இயேசு படம் போட்ட கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் மதிப்பீட்டுத் தாள் எழுதினார்கள். மூன்று கேள்வி. எது நன்றாக வந்தது? எது கஷ்டமாக இருந்தது? அடுத்த முறை என்ன மாற்றுவாய்? பிள்ளைகள் போன பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன், இந்தத் தடவை டிக் போடாமல். ரோஸி எழுதியிருந்தது இதுதான். "என் படகு வியாழக்கிழமை வரை நன்றாக இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாதது கஷ்டமாக இருந்தது. அடுத்த முறை என் படகை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவேன்."

அவளுடைய பழைய வரைபடத் தாளைத் தேடி எடுத்தேன். படகுக்கு இடது பக்கம் ஒரு விசிறி வரைந்து, அம்புக்குறி போட்டு, அடியில் ஒரு உருண்டை. "காற்று தள்ளும். களிமண் பிடித்துக்கொள்ளும். காற்று வந்தால் நேராகும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் என் நட்சத்திரம்.

மேசையில் இருபத்து நான்கு தாள். வியாழக்கிழமை அவை கோப்பில் போகவேண்டும். ரோஸியின் தாளை மட்டும் உருவிவிட்டால் இருபத்து மூன்று. யாரும் எண்ணப் போவதில்லை. பொய் சொல்லவில்லை, சத்தியமாக உருவினேன். என் பைக்குள் வைத்தேன். கோட்டுப் போட்டேன். வாசல் வரை போய்விட்டேன். "நானே செஞ்சேன் சிஸ்டர்" என்று சொன்னபோது வாய் எப்படிக் கசந்ததோ அதே கசப்பு. திரும்பி நடந்து ஹெலன் அறைக் கதவைத் தட்டினேன்.

"மேடம், வியாழக்கிழமை சாயங்காலம் நான் படகுகளைச் சரிசெய்தேன்" என்றேன்.

இந்தத் தடவை அவர் வேறு யாரையும் தேடவில்லை. "எத்தனை?" என்றார்.

"எல்லாவற்றையும்."

ரோஸியின் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கடைசி வரி வரை படித்தார். "நாளைக் காலையில் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லவேண்டும்" என்றார். "கோப்பிலும் நான் எழுதியாகவேண்டும். அதைத் தவிர்க்க முடியாது." கத்தியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

6

நம்மூரில் எந்த டீச்சராவது பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாயில் உட்கார்ந்திருந்த இருபத்து நான்கு பேரிடமும் சொன்னேன். அப்போ என் பாய்மரம் நேராக நின்றது என்னால் இல்லையா என்று ஒரு பையன் முகம் தொங்கிப்போய்க் கேட்டான். ஆமாம் என்றேன். ரோஸி கையைத் தூக்கினாள்.

"ஏன் செய்தீர்கள், மிசஸ் எலுமாலை?"

"உன் படகு கோணலாக இருந்தது. எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயந்துவிட்டேன்."

"அது கோணல் இல்லை" என்றாள். "காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும்."

மறுபடியும் எல்லாரும் தங்கள் படகைப் பிரித்துத் தங்கள் இஷ்டப்படி கட்டினார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றினேன். ரோஸி களிமண்ணை அப்பி, சாய்ந்த படகில் கிளிப்புகளை ஏற்றினாள். விசிறியைப் போட்டேன். படகு மெதுவாக எழுந்து நேராக நின்றது. பதின்மூன்று பேரும் அப்படியே. வகுப்பே கூச்சல் போட்டது, நானும்தான்.

கையெழுத்து விழவில்லை. நிரந்தரம் கிறிஸ்துமஸ் வரை தள்ளிவைக்கப்பட்டது. நியாயமான கடிதம், மரியாதையான வார்த்தைகள். அதைப் படித்தபோது வெள்ளையடித்த மாடி அறைதான் கண்முன் வந்தது. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா கேட்டார். இரண்டு தடவையும் "ஆய்டும்பா" என்றேன். மூன்றாவது வாரம் முடியவில்லை. மதியம் இங்கே, அங்கே சாயங்காலம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் அவர் பின்னால் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"பர்மனெண்ட் ஆவலப்பா. தப்பு என் மேலதான்" என்று ஆரம்பித்து, படகு, களிமண், ரோஸி, தாள், தயிர் டப்பா மூடிகள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டுகிற வேகத்தில் தென்னம்பாளைப் படகையும் சொல்லிவிட்டேன். அதற்காக மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுததையும் சொன்னேன்.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

"நீ சந்தோஷமா கை தட்டிக்கினு இருந்தியேப்பா."

"ம்" என்றார். அப்புறம், "அந்தப் பேப்பர்ல இன்னா கேள்வி கேட்டிருந்தாங்க? இன்னொரு தபா சொல்லு" என்றார். மூன்று கேள்வியையும் தமிழில் சொன்னேன். "சரி, வெச்சுடு" என்று வைத்துவிட்டார். கோபம்தான் என்று நினைத்தேன். நான்கு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே நாளில் உடைத்துவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளியில் மதிய இடைவேளையில் ஃபோனைப் பார்த்தால் அப்பாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. மைதானத்து ஓரமாகப் போய் நின்று காதில் வைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் ரேடியோவில் பேசுகிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நான் ஏழுமல பேசுறேன். அந்தக் கப்பலப் பத்தி. மொதோ கேள்வி, எது நல்லா வந்துச்சி? மோட்டாரு. மோட்டாரு சூப்பரா ஓடிச்சி. ரெண்டாவது, எது கஷ்டம்? சைக்கிள் கடை சொல்யூசன் போட்டு ஒட்டினேன், தெர்மாகோலு உருகிப்போச்சி. அப்பால மைதாப் பசை காச்சினேன். ஒட்டவே இல்ல, பேஜாரு." பின்னால் ஒரு ரயில் போனது. "மூணாவது. அடுத்த தபா இன்னா மாத்துவ? உன் படகையே எடுத்துக்கினு போவச் சொல்லுவேன் பாப்பா. பரிசு வரலன்னா இன்னா இப்போ? தோத்துட்டு நேரா வூட்டுக்கு வா, அப்பன் கீறேன் இல்லன்னு சொல்லுவேன். அன்னிக்கும் சொல்லல. ஏர்போர்ட்லயும் தப்பாச் சொல்லிட்டேன்." மறுபடி செருமல். "ரூமுக்கு வெள்ளை அடிச்சது பழசாவுது. ஜூலைல வந்துடு."

அந்த நேரம் பார்த்து யாரோ, "மிசஸ் எலுமாலை!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். குளிர் கிடையாது அன்று, நல்ல வெயில். எந்தச் சமாதானமும் சொல்லாமல் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து நிவியைக் கூப்பிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள். "பேஜாரு என்றால் என்ன?" என்றாள். பெரிய தொல்லை என்று சொன்னேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் சொல்லாமல் மாடியில் பால் பாட்டிலும் ஸ்ட்ராவும் வைத்து என்னவோ கட்டிக்கொண்டிருக்கிறாள். முட்டுக்காட்டில் தாத்தாவோடு தண்ணீரில் விடவாம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், "அம்மா, தொடாதே" என்கிறாள். அதை மட்டும் தமிழில் சொல்கிறாள்.

டிக்கெட் போட்டாயிற்று அப்பா. நேற்று அவள் இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்தேன். படகு கோணலாகத்தான் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறோம்.